உறக்கமின்மை தியாகமன்று

மறைந்த தோழர்களைப் பற்றிய அஞ்சலிக் குறிப்புகளைத் தமிழாக்கும் பணி ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளாக என்னிடம் இருந்து வருகிறது. அரசியல் தீர்மானத்தை மொழிபெயர்க்கும்போது பழைய தீர்மானங்கள் துணைக்கு வரும். கலைச்சொற்கள் ஓரளவுக்கு நிலைபெற்றிருக்கும். அஞ்சலிக் குறிப்புக்கு அத்தகைய துணை இல்லை. நேரில் கண்டிராத ஒரு மனிதரின் வாழ்வு முழுவதையும் முந்நூறு சொற்களுக்குள் மரியாதையோடு கொண்டுவர வேண்டும். அவ்வாறு எழுதும்போதெல்லாம் எனக்குக் கைகொடுத்த தொடர் ஒன்று உண்டு: "கண் துஞ்சாது உழைத்தவர்." மூலத்தில் பெரும்பாலும் அயராத உழைப்பு என்றுதான் இருக்கும். தமிழில் முதுகலை படித்தவன் என்ற உரிமையில் கண்ணையும் துஞ்சாமையையும் அதில் சேர்த்தவன் நான்தான். செயலே குறியானவர்கள் பசியையும் உறக்கத்தையும் பொருட்படுத்தமாட்டார்கள் என்று குமரகுருபரர் நீதிநெறி விளக்கத்தில் பாடியதைப் பள்ளியிலேயே மனப்பாடம் செய்த தலைமுறை நாம். அந்தத் தொடர் தானாகவே பேனா முனைக்கு வந்துவிடும்.

சென்ற ஆண்டு வட மாநிலம் ஒன்றிலிருந்து ஓர் அஞ்சலிக் குறிப்பு வந்தது. விவசாயத் தொழிலாளர் அரங்கில் முழுநேர ஊழியராகப் பணியாற்றிய தோழர், வயது 51, மாரடைப்பு. கடைசி ஆண்டுகளில் அவர் இரவில் மூன்று மணி நேரத்துக்கு மேல் உறங்கியதே இல்லை என்று அந்தக் குறிப்பு பெருமிதத்தோடு சொல்லியிருந்தது. அந்த வரியில் என் கை நின்றுவிட்டது. அந்தத் தோழர் உறங்க விரும்பாமல் விழித்திருந்தாரா, உறங்க முடியாமல் விழித்திருந்தாரா? அதை யாரேனும் அவரிடம் கேட்டார்களா? நான் நின்றதற்குக் காரணம் இருந்தது. அப்போது எனக்கே உறக்கம் கெட்டு மூன்றாவது ஆண்டு நடந்துகொண்டிருந்தது.

இரவு இரண்டே முக்கால்

தில்லியில் நான் வசிக்கும் பகுதியில் இரவுக் காவலர் ஒருவர் தடியைத் தரையில் தட்டிக்கொண்டும் விசில் ஊதிக்கொண்டும் தெருவைச் சுற்றி வருவார். குடியிருப்போர் உறங்கலாம் என்பதற்கான அடையாளம் அது. அந்த ஓசையைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்த இரவுகளுக்குக் கணக்கில்லை. தொடக்கத்தில் உறக்கம் வரத் தாமதமாயிற்று. பின்னர், வந்த உறக்கமும் இரவு இரண்டே முக்காலுக்குக் கலைந்தது. கலைந்த கணத்திலேயே நெஞ்சு படபடக்கும். என்ன தவறிழைத்துவிட்டோம் என்று மனம் தேடத் தொடங்கும். மொழிபெயர்த்து அனுப்பிய ஆவணத்தில் ஒரு வேற்றுமை உருபு பிழையாகியிருக்குமோ என்பதில் தொடங்கி, வாழ்ந்ததில் பயன் ஏதும் உண்டா என்பதில் வந்து முடியும். விடிந்தபின் எழுந்து அலுவலகத்துக்குச் செல்வேன். ஒரே பத்தியை நான்கு முறை படித்தும் பொருள் ஏறாது. இரண்டு சொற்களுள் ஒன்றைத் தேர்வதுதான் என் தொழில். அந்தத் தேர்வே இயலாமற்போயிற்று.

நான் மதிக்கும் மூத்த தோழர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "தோழர், கொஞ்ச நாளைக்குக் களப்பணிக்குப் போய் வாருங்கள். உடம்பு அலுத்தால் தூக்கம் தானே வரும். உட்கார்ந்தே இருப்பவர்களுக்கு வரும் தொல்லை இது" என்றார். அன்போடுதான் சொன்னார். ஆனால் அதில் ஒரு தீர்ப்பும் இருந்தது. அந்தத் தீர்ப்பை நான் முன்பே எனக்கு வழங்கியிருந்தேன். தூங்க முடியாமல் அழுதுகொண்டிருப்பது குட்டி முதலாளித்துவ மனநிலை என்று எண்ணியவன் நான். அதனால் மருத்துவரிடம் செல்ல எட்டு மாதங்கள் பிடித்தன. அந்த எட்டு மாதங்களில் மருந்துக்கடையில் சீட்டில்லாமல் உறக்க மாத்திரை வாங்கினேன். அரை மாத்திரை ஒன்றாயிற்று, ஒன்று இரண்டாயிற்று. அல்பிரசோலம், டயசெபம் போன்ற மருந்துகள் எச்1 பட்டியலில் உள்ளவை. மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது, விற்பனையைத் தனிப் பதிவேட்டில் குறிக்க வேண்டும் என்பது சட்டம். என் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை.

இறுதியில் அரசு மருத்துவமனை ஒன்றின் மனநலப் புறநோயாளர் பிரிவில் சீட்டெடுத்து அமர்ந்தேன். வரிசையில் எனக்கு முன்னால் கட்டடத் தொழிலாளி ஒருவர், தனியார் பாதுகாவலர் ஒருவர், வீட்டுவேலை செய்யும் பெண் ஒருவர். மூவரும் மருத்துவரிடம் சொன்னது ஒரே வாசகம்: "நீந்த் நஹீ ஆத்தீ, கப்ராஹட் ஹோத்தீ ஹை." உறக்கம் வருவதில்லை, படபடப்பாக இருக்கிறது. ஆங்கிலமும் கொஞ்சம் இந்தியும் தெரிந்த நான் என் நோயை விளக்க நான்கு வாக்கியங்களை மனத்துக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். என் முறை வந்தபோது நானும் அந்த ஒரு வாசகத்தையே சொன்னேன். அறிவுழைப்பாளனின் தனித்த துயரம் என்று நான் எண்ணியிருந்தது உழைப்பாளி மக்கள் அனைவருக்கும் பொதுவானது என்பதை அன்று அந்த வரிசைதான் எனக்குக் கற்பித்தது.

சொல்லில் தொடங்கும் குழப்பம்

நோயைச் சரியாகப் பெயரிட்டு அழைக்காமல் அதைப் பற்றிப் பேச முடியாது. நம் ஏடுகளில், என் மொழிபெயர்ப்புகள் உட்பட, 'மன அழுத்தம்' என்ற ஒரு சொல்லே எல்லாவற்றுக்கும் பயன்பட்டு வருகிறது. வேலைப்பளுவால் வரும் நெருக்கடியும் மன அழுத்தம். மாதக்கணக்கில் நீடிக்கும் டிப்ரெஷன் என்ற நோயும் மன அழுத்தம். முன்னது வெளியிலிருந்து வரும் சுமை. பின்னதற்கு மனச்சோர்வு என்ற சொல்லே பொருந்தும்: எதிலும் விருப்பமின்மை, ஆற்றலின்மை, குற்றவுணர்வு, நம்பிக்கையிழப்பு, உறக்கத்திலும் பசியிலும் மாற்றம் ஆகியவை இரண்டு வாரங்களுக்குக் குறையாமல் பெரும்பாலான நேரம் நீடிப்பது. ஆங்சைட்டி என்பதற்குப் 'பதற்றம்' என்று எழுதுகிறோம். எல்லைப் பதற்றம், சாதிப் பதற்றம் என்று எழுதி எழுதி அந்தச் சொல் செய்திச் சொல்லாகிவிட்டது. மக்கள் சொல்லும் 'படபடப்பு' அதைவிடத் துல்லியமானது.

'சோர்வு' என்ற சொல்லிலும் நமக்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. நம் அமைப்பு அறிக்கைகளில் சோர்வு என்றால் அரசியல் குறைபாடு. சோர்வு தட்டிய கிளை, சோர்வுற்ற உறுப்பினர், சோர்வுக்கு எதிரான போராட்டம் என்று நூறு முறை மொழிபெயர்த்திருக்கிறேன். மனச்சோர்வு என்று மருத்துவர் சீட்டில் எழுதியதைக் கட்சித் தோழரிடம் காட்டும்போது, அமைப்பு அறிக்கையின் சோர்வாக அது அவர் காதில் விழுகிறது. நோயை ஊக்கக்குறைவாகப் படிக்கும் பிழை இங்கிருந்தே தொடங்குகிறது.

நோயும் அதைக் கையாளும் வழியும்

வாரத்தில் மூன்று இரவுகளுக்குக் குறையாமல், மூன்று மாதங்களுக்குக் குறையாமல் உறக்கம் கெடுமானால் அதை நாள்பட்ட உறக்கமின்மை என்று மருத்துவம் வகைப்படுத்துகிறது. முன்பு இதை மனச்சோர்வின் நிழலாக மட்டுமே கருதினர். மூலநோய் தீர்ந்தால் உறக்கம் தானே திரும்பும் என்பது கருத்து. இன்று அக்கருத்து மாறியிருக்கிறது. உறக்கமின்மை மனச்சோர்வுக்கு முன்னோடியாகவும் வரலாம், அதன் விளைவாகவும் வரலாம், அது தீர்ந்தபின் எஞ்சியும் நிற்கலாம். படபடப்பு உறக்கத்தைக் கெடுக்கிறது. கெட்ட உறக்கம் மறுநாள் படபடப்பைப் பெருக்குகிறது. இரண்டும் சேர்ந்து மனத்தைச் சோர்வில் ஆழ்த்துகின்றன. ஆகவே மூன்றுக்கும் ஒருசேர மருத்துவம் பார்க்க வேண்டும்.

நாள்பட்ட உறக்கமின்மைக்கு முதல் மருத்துவமாகப் பரிந்துரைக்கப்படுவது மாத்திரை அன்று. சிந்தனையையும் பழக்கத்தையும் சீர்செய்யும் உளவியல் பயிற்சிதான். 2016-இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரியும் அடுத்த ஆண்டு ஐரோப்பிய வழிகாட்டுநெறியும் இதையே கூறின. அதன் சாரம் எளிமையானது. எப்போது படுத்தாலும் நாள்தோறும் ஒரே நேரத்தில் எழ வேண்டும். உறக்கம் வந்த பிறகே படுக்கைக்குச் செல்ல வேண்டும். இருபது நிமிட அளவில் உறக்கம் வராவிட்டால் எழுந்து வேறிடத்தில் அமர்ந்து, மனத்தைக் கிளறாத எதையேனும் மங்கிய வெளிச்சத்தில் செய்துவிட்டு, கண் சொக்கும்போது மீண்டும் படுக்க வேண்டும். படுக்கையில் கைப்பேசி பார்ப்பதும், கூட்டக் குறிப்பு எழுதுவதும், கடிகாரத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதும் ஆகா. பகல் தூக்கத்தையும் பிற்பகலுக்குப் பிந்திய தேநீரையும் குறைக்க வேண்டும். மது தொடக்கத்தில் உறக்கம் தருவதுபோலத் தோன்றினாலும் பின்னிரவு உறக்கத்தைக் கெடுக்கும்.

படுக்கையில் கழிக்கும் நேரத்தையே சில வாரங்களுக்குச் சுருக்கிப் பின்னர் மெல்ல நீட்டும் முறையும் இந்தப் பயிற்சியின் ஒரு பகுதி. அதை மருத்துவர் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும். வாகனம் ஓட்டுவோரும் உயரத்தில் வேலை செய்வோரும் தாமாக முயலலாகாது. மனச்சோர்வுக்கான மருந்துகள் பலன் தரச் சில வாரங்கள் ஆகும். மூன்றாம் நாளே பயனில்லை என்று நிறுத்துவதும், நலம் தெரிந்தவுடன் திடீரென நிறுத்துவதும் தீங்கு. உறக்க மாத்திரைகளில் பலவும் குறுகிய காலத்துக்கு உரியவை. பழகிவிட்டால் மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். என் இரண்டு மாத்திரைகளிலிருந்து விடுபட எனக்கு ஏழு மாதங்கள் ஆயின. இன்றும் சில இரவுகளில் இரண்டே முக்காலுக்கு விழிப்பு வருகிறது. எழுந்து நாற்காலியில் அமர்ந்துகொள்கிறேன். தெருவில் காவலர் சுற்றி வருகிறார். முன்போல் அந்த நேரத்தில் என்னை நானே விசாரணை செய்வதில்லை.

களவாடப்படும் இரவுகள்

பழக்கத்தைத் திருத்துங்கள் என்று சொல்வது எளிது. அந்தப் பாதுகாவலர் எந்தப் பழக்கத்தைத் திருத்துவார்? பன்னிரண்டு மணி நேர இரவுப்பணி. பகலில் தகரக் கூரையின் கீழ் மூவரோடு பகிர்ந்துகொள்ளும் அறை. ஆள் வராவிட்டால் அடுத்த பணிநேரமும் அவர் தலையில். ஒரே நேரத்தில் படுத்து ஒரே நேரத்தில் எழுவதே அவருக்கு எட்டாத ஆடம்பரம். உறக்கம் உடலியல் தேவைதான். ஆனால் யார் எத்தனை மணி நேரம் உறங்கலாம் என்பதை நிர்ணயிப்பது வர்க்க உறவு.

மூலதனம் முதல் தொகுதியில் 'வேலை நாள்' என்ற அத்தியாயத்தில் மார்க்ஸ் ஒரு மரணத்தைப் பதிவு செய்கிறார். 1863 ஜூனில் இலண்டனில் மேரி ஆன் வாக்லி என்ற இருபது வயதுத் தையல் தொழிலாளி, அரச குடும்பத்து நடன விருந்துக்கான ஆடைகளை உரிய நாளில் முடிப்பதற்காக இடைவேளையின்றி இருபத்தாறரை மணி நேரம் தைத்து, நோயுற்று இறந்தார். உபரி உழைப்பின் மீதான பசியில் மூலதனம் உறக்கத்துக்குரிய நேரத்தையும் விழுங்குகிறது என்பதை அந்த அத்தியாயம் முழுவதும் சான்றுகளோடு காணலாம். எட்டு மணி நேர வேலை, எட்டு மணி நேர ஓய்வு என்ற முழக்கத்தின் இரண்டாம் பகுதி உறக்கத்துக்கான உரிமை முழக்கமே. சிகாகோவுக்கு இருபத்து நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 1862-இல், ஹவுரா ரயில்வே தொழிலாளர் ஏறத்தாழ 1,200 பேர் எட்டு மணி நேர வேலைநாளுக்காக வேலைநிறுத்தம் செய்தனர். 1919-இல் சர்வதேச தொழிலாளர் அமைப்பின் முதல் உடன்படிக்கை வாரம் 48 மணி நேரம் என்று வகுத்தபோதும் பிரிட்டிஷ் இந்தியாவுக்கு 60 மணி நேரம் என்று விலக்களித்தது. வாரம் 48 மணி நேரம் நம் தொழிற்சாலைச் சட்டத்தில் இடம்பெற 1946-ஆம் ஆண்டுத் திருத்தம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த வெற்றியைத் திரும்பப் பறிக்கும் முயற்சி இன்று வெளிப்படையாக நடக்கிறது. 2023-இல் இன்போசிஸ் நாராயணமூர்த்தி இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 தொடக்கத்தில் எல் அண்டு டி தலைவர் அதை 90 ஆக்கினார். 2023-இல் கர்நாடகம் பன்னிரண்டு மணி நேர வேலைநாளுக்குச் சட்டத்தில் வழி செய்தது. அதே ஆண்டு ஏப்ரலில் தமிழ்நாட்டில் நிறைவேற்றப்பட்ட அத்தகைய திருத்தம் தொழிற்சங்கங்களின் ஒன்றுபட்ட எதிர்ப்பால் மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைத்ததன் விளைவான பக்கவாதத்தாலும் இதயநோயாலும் 2016-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 7,45,000 பேர் இறந்தனர் என்று உலக சுகாதார அமைப்பும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் கூட்டாக மதிப்பிட்டுள்ளன. தொடர்ச்சியாக இரண்டு இரவுகளுக்கு மேல் பணி தரக்கூடாது என்பது ரயில் ஓட்டுநர்களின் நெடுநாள் கோரிக்கை. ஆயிரம் பயணிகளின் உயிரைச் சுமந்து செல்பவரின் உறக்கம் இன்னும் பேச்சுவார்த்தை மேசையில்தான் கிடக்கிறது.

தலைநகரில் உறக்கத்துக்கே விலை உண்டு. ஷௌனக் சென் இயக்கிய 'சிட்டீஸ் ஆஃப் ஸ்லீப்' என்ற 2015-ஆம் ஆண்டு ஆவணப்படம், தில்லியில் வீடற்றவர்கள் படுக்க இடம் தேடி அலைவதையும், போர்வைக்கும் கட்டிலுக்கும் வாடகை வசூலிக்கும் வணிகத்தையும் காட்டுகிறது. 2011 ஜூனில் இராம்லீலா மைதானத்தில் நள்ளிரவில் உறங்கிக்கொண்டிருந்த கூட்டத்தின் மீது காவல்துறை நடத்திய தாக்குதல் குறித்த வழக்கில், உறக்கம் அரசமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. நடைபாதையில் படுப்பவரை நள்ளிரவில் தடியால் எழுப்பும் வழக்கம் அதற்குப் பின்னும் நிற்கவில்லை.

சட்டம் இருக்கிறது, மருத்துவர் எங்கே?

2015-16-இல் நிம்ஹான்ஸ் நிறுவனம் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, வயதுவந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று மேலானவர்கள் ஏதேனும் ஒரு மனநலக் குறைபாட்டோடு வாழ்கின்றனர். மனச்சோர்வும் பதற்றமும் அடங்கிய பொதுவான குறைபாடுகள் உள்ளோரில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினருக்கு மருத்துவம் எட்டவில்லை. ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இந்த நாட்டில் இல்லை. இருப்பவர்களும் பெருநகரங்களில் குவிந்துள்ளனர். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அரசு நடத்தும் அல்லது நிதியளிக்கும் சேவைகளில் மருத்துவம் பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாக்கியது. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாகக் கருதாமல் கடும் நெருக்கடியில் இருப்பவராகக் கருத வேண்டும் என்றது. காப்பீட்டில் உடல்நோய்க்கும் மனநோய்க்கும் வேறுபாடு கூடாது என்றது. சட்டம் நல்லது. ஆனால் ஒன்றிய அரசின் சுகாதார ஒதுக்கீட்டில் மனநலத்துக்குக் கிடைப்பது நூற்றில் ஏறத்தாழ ஒரு பங்குதான். 1996-இல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டம் இன்று 700-க்கும் மேற்பட்ட மாவட்டங்களுக்கு அனுமதிக்கப்பட்டுள்ளது. எத்தனை ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருந்து இருப்பில் உள்ளது என்பதை நம் கிளைகளே போய்ப் பார்க்கலாம். 14416 என்ற டெலிமானஸ் இலவச எண்ணில் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் பகலும் இரவும் பேசலாம். ஒவ்வொரு தோழரின் கைப்பேசியிலும் அது இருக்கட்டும். தொலைபேசி எண் மருத்துவருக்கு மாற்றாகாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் தற்கொலை செய்துகொண்டோர் 1,70,924 பேர். அவர்களுள் நான்கில் ஒருவருக்கும் மேற்பட்டோர் தினக்கூலிகள். மனநலம் வசதி படைத்தோரின் கவலை என்று இனியும் எவரேனும் சொல்வாரானால் இந்தக் கணக்கை அவர் முன் வைக்க வேண்டும்.

நம் வீட்டைப் பற்றி

இங்கு ஒரு மறுப்பு எழும் என்பதை அறிவேன். நோய்க்குக் காரணம் சமூக அமைப்பு என்றால், அமைப்பை மாற்றும் போராட்டம்தானே மருந்து என்று தோழர்கள் கேட்கலாம். காசநோயும் வறுமையின் நோய்தான். ஆனால் காசநோயாளியிடம் வறுமை ஒழியும்வரை இருமிக்கொண்டிருங்கள் என்று நாம் சொல்வதில்லை. மருந்து வாங்கித் தருகிறோம், மருந்துத் தட்டுப்பாட்டை எதிர்த்துப் போராடவும் செய்கிறோம். மனச்சோர்வுக்கும் அதே நியாயம் பொருந்தும். போராட்டம் மனிதருக்குத் தோழமையையும் பொருளையும் தருகிறது; நானே அதற்குச் சாட்சி. ஆயினும் மருத்துவரின் வேலையைப் போராட்டத்தின் மீது சுமத்துவது இரண்டுக்கும் நீதியாகாது.

வேலைநிறுத்தத்தின்போதும் வெள்ள நிவாரணத்தின்போதும் நாம் விழித்திருக்கத்தான் வேண்டும். அதை எவரும் மறுக்கவில்லை. நெருக்கடி நாளின் விழிப்பு ஆண்டு முழுவதற்குமான ஒழுங்காகும்போதுதான் கேடு விளைகிறது. மாலை ஆறுக்கு அறிவித்த கூட்டம் எட்டுக்குத் தொடங்கி நள்ளிரவில் முடிகிறது. இதில் உறக்கம் மட்டும் போகவில்லை, ஜனநாயகமும் போகிறது. 2019-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமற்ற வீட்டுப்பணியில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடங்களை அதில் கழிக்கின்றனர். ஆண்கள் 97 நிமிடங்களை. பத்து மணிக்கு மேல் முடிவெடுக்கும் கூட்டத்தில் யார் கடைசிவரை அமர்ந்திருக்க முடியும், யார் பாதியில் எழுந்து போக நேரும் என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடும். பெண் தோழர்கள் தலைமைக்கு வராததன் காரணங்களை அறிக்கைகளில் தேடும் நாம் சுவர்க் கடிகாரத்தையும் பார்க்க வேண்டும்.

சில முன்மொழிவுகளை வைக்கிறேன். முதலாவது, உறுப்பினர் புதுப்பித்தலின்போது ஒரு தோழரைச் 'செயலற்றவர்' என்று குறிப்பதற்கு முன் கிளைச் செயலாளர் அவர் வீட்டுக்குச் சென்று, உறக்கம் எப்படி இருக்கிறது, உடல்நலம் எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டும். அங்கே கேட்டதைக் கூட்டத்தில் விவாதப் பொருளாக்கக் கூடாது. அது அவருடைய தனிச்செய்தி. இரண்டாவது, கூட்டங்களுக்குத் தொடக்க நேரம்போல முடிவு நேரமும் அறிவிக்க வேண்டும். மூன்றாவது, முழுநேர ஊழியர்களுக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வும், மருத்துவச் செலவுக்கு ஏற்பாடும் வேண்டும். தொழிலாளிக்கு நாம் கேட்கும் வார விடுமுறை நம் ஊழியருக்கும் பொருந்தும். நான்காவது, இரவுப்பணிக்கு வரம்பு, பணிகளுக்கு இடையே போதிய ஓய்வு, பணியிடத்தில் மனநல மருத்துவ வசதி ஆகியவை தொழிற்சங்கக் கோரிக்கைப் பட்டியல்களில் ஏற வேண்டும். ஐந்தாவது, மாவட்ட மனநலத் திட்டத்தின் மருந்து இருப்பையும் மருத்துவர் வருகையையும் ஒவ்வொரு மாவட்டக் குழுவும் ஆண்டுக்கொரு முறையேனும் நேரில் ஆய்ந்து மக்கள் முன் வைக்க வேண்டும். இவற்றுள் முதல் இரண்டுக்கும் ஒரு பைசா செலவில்லை.

இதைப் படிக்கும் தோழர்களுள் இரவு இரண்டரைக்கும் மூன்றுக்கும் விழித்துக் கிடப்பவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். அந்த நேரத்தில் மனம் வழங்கும் தீர்ப்புகள் எவையும் உண்மையல்ல. காலையில் அவற்றை நம்பகமான ஒருவரிடம் சொல்லுங்கள். மூன்று மாதங்களாக இப்படி என்றால் மருத்துவரிடம் போங்கள். உயிர் வாழ விருப்பமில்லை என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும் அன்றே, அந்த நேரமே யாரிடமாவது சொல்லுங்கள். கட்சியில் சேரும்போது நாம் கொடுத்தது நம் உழைப்பை. நோயை மறைக்கும் கடமையை யாரும் நம்மிடம் கேட்கவில்லை.

வட மாநிலத் தோழரின் அஞ்சலிக் குறிப்பை அன்றிரவு நான் முடிக்கவில்லை. மறுநாள் காலை முடித்தேன். மூலத்தில் இருந்த மூன்று மணி நேர உறக்கம் பற்றிய வரியை நீக்கும் உரிமை மொழிபெயர்ப்பாளனுக்கு இல்லை. அதை உள்ளபடியே தந்தேன். ஆனால் அயராது உழைத்தார் என்று மூலம் சொன்ன இடத்தில் அயராது உழைத்தார் என்று மட்டுமே எழுதினேன். கண் துஞ்சாமையை இனி எவருடைய புகழிலும் என் கையால் சேர்ப்பதாக இல்லை.